பெற்றோர்க்குப் பெற்றோரே துணை

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. குழந்தை வளர்ப்பும் அத்தகையதே. சொந்த ஊரில் வாழ்வோர்க்கு வடம் பிடிக்கப் பல கைகள் உண்டு. பாட்டி குளிப்பாட்டுவாள், சித்தி சோறூட்டுவாள், எதிர்வீட்டு அக்கா அரை மணி நேரம் இடுப்பில் வைத்துக்கொள்வாள். அலுவலின் பொருட்டோ, தொழிலின் பொருட்டோ டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நமக்கு அந்தக் கைகள் எட்டாத தொலைவில் இருக்கின்றன. குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல வளரும்வரை இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. வளர்ச்சியில் ஏதேனும் ஒரு வேறுபாடு தென்படும்போதுதான், அடுக்குமாடி வீட்டின் கதவை அடைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைக்கின்றனர். அவ்வாறு திகைத்து நிற்கும் குடும்பங்களுள் ஒருவகையினரைப் பற்றி, அதாவது ஆட்டிசம் எனும் நிலையுடைய குழந்தைகளின் பெற்றோரைப் பற்றியும், அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணையாகலாம் என்பதைப் பற்றியும் இங்கே ஆராய்வோம்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். அரசுக் கோப்புகளைத் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நமக்குச் சொல்லின் மீது எப்போதும் ஒரு கண் உண்டு. 'ஆட்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் 'தான்' என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே ஆட்டிசம் என்னும் சொல். தமிழில் இதனை மதியிறுக்கம் என்பர் சிலர்; தன்முனைப்புக் குறைபாடு என்பர் வேறு சிலர்; புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று எழுதுவோரும் உளர். இவற்றுள் எதுவும் முழுப் பொருத்தம் உடையதன்று. இக்குழந்தைகளின் மதி இறுகிவிடவில்லை. புற உலகைப் பற்றிய சிந்தனை அவர்களிடம் இல்லாமலும் இல்லை. சொல்லப் போனால், புற உலகின் ஒலியும் ஒளியும் நம்மைக் காட்டிலும் மிகுதியாக அவர்களைத் தாக்குகின்றன. ஆகவே ஆட்டிசம் என்ற சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. பேய் பிசாசின் வேலையும் அன்று. மூளை வளரும் முறையில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு அது. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக, 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தடுப்பூசியால் இது வருகிறது என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டு மருத்துவக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடையாளங்கள் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமை, வேண்டியதை விரல் நீட்டிச் சுட்டாமை, பேச்சு தாமதித்து வருதல் ஆகியவை பலரிடம் முதலில் தெரிபவை. "சாதம் வேணுமா?" என்று நாம் கேட்டால், "சாதம் வேணுமா?" என்றே குழந்தை திருப்பிச் சொல்லும். அது கேலியன்று, அதற்குச் சாதம் வேண்டும் என்பதே அதன் பொருள். குக்கர் விசிலுக்கும் மிக்ஸி ஓசைக்கும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. பள்ளி வண்டி வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால் அலறித் துடிக்கும் குழந்தைகளும் உண்டு. சிலர் நன்கு பேசுவர், படிப்பர். சிலர் வாழ்நாள் முழுதும் பேசாமலே இருப்பர். இவர்கள் அனைவரையும் ஒரே பெயர் தழுவி நிற்பதால்தான் இதனை ஒரு நிறமாலைக்கு ஒப்பிடுகின்றனர் அறிஞர்.

இனி, பெற்றோர் ஒன்றுகூடிய வரலாற்றைச் சிறிது காண்போம். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விரிவாக எழுதினார். பெற்றோரின் உள்ளக் குளிர்ச்சி என்ற குறிப்பும் அவர் எழுத்துகளில் இடம்பெற்றது. பிறகு புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்தைப் பரப்பி, 1967-இல் நூலாகவும் வெளியிட்டார். ஏற்கெனவே நொந்திருந்த தாய்மார் மேல் இவ்வாறு பழியும் சுமத்தப்பட்டது.

அப்பழியைத் துடைக்க முன்வந்தோர் பெற்றோரே. பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளநூல் அறிஞரின் மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. அவர் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, இது தாயின் குற்றமன்று, உடலமைப்பைச் சார்ந்தது என்று 1964-இல் நூல் எழுதினார். மறு ஆண்டே அமெரிக்கப் பெற்றோர் தமக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். அச்சங்கத்தின் கூட்டத்தில் 1969-ஆம் ஆண்டு கான்னரே தோன்றி, பெற்றோர் குற்றமற்றவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். இலண்டனில் 1962-ஆம் ஆண்டிலேயே பெற்றோர் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான லார்னா விங் ஒரு மருத்துவர்; ஆட்டிசம் உடைய பெண் குழந்தையின் தாயும் ஆவார்.

நம் நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆட்டிசம் உடைய மகனின் தாயான மேரி பருவா, 1991-ஆம் ஆண்டு டில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இச்சொல்லைக் கேட்டறியாத மருத்துவர்கள் அந்நாளில் பலர். 1994-இல் அவ்வமைப்பு ஒரு பள்ளியையும் தொடங்கியது. குழந்தையை மட்டும் பயிற்றாமல் தாயையோ தந்தையையோ குழந்தையுடன் அமர்த்திப் பயிற்றும் முறை அங்குச் சிறப்பாக வளர்ந்தது. வெளிமாநிலங்களிலிருந்து வந்து தங்கிக் கற்றுத் திரும்பிய பெற்றோர் தத்தம் ஊரில் பிறருக்கு வழிகாட்டினர். மும்பையிலும் பெங்களூரிலும் பெற்றோர் அமைப்புகள் பின்னர் எழுந்தன. ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்ற முதல் இந்தியச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். 1995-ஆம் ஆண்டின் சட்டத்தில் இப்பெயரே இடம்பெறவில்லை. பெற்றோர் ஓயாது வாதாடியதன் பயனை இம்மாற்றத்தில் காணலாம்.

மருத்துவர் இருக்க, பயிற்சியாளர் இருக்க, மற்றொரு பெற்றோர் எதற்கு என்ற வினா எழலாம். மருத்துவர் குழந்தையின் நிலையை அறிவார்; மற்றொரு தாயோ அக்குழந்தையோடு கழியும் நாளை அறிவாள். முடி வெட்டும் கடையில் மகன் கத்திக் கூச்சலிடுகிறான் என்று ஒருத்தி வருந்துகையில், "முதல் நாள் நாற்காலியில் உட்கார வைத்து எழுப்பிக்கொண்டு வந்துவிடு, அடுத்த நாள் சீப்பு மட்டும் படட்டும், கத்தரிக்கோல் ஒரு வாரம் கழித்து வரட்டும்" என்று சொல்லத் தெரிந்தவள் அதைச் செய்து பார்த்தவளே. குளியல், சிற்றுண்டி, பள்ளி வண்டி என்று நாளின் வரிசையைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால் அடுத்து என்ன நேரும் என்ற கலக்கம் தணியும். திருமண வீட்டுக்குப் போக வேண்டுமெனில், கூட்டம் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே சென்று வெற்று மண்டபத்தைக் காட்டிப் பழக்கலாம். இரண்டு இரவு ரயிலில் ஊருக்குச் செல்லுமுன் ரயில் பெட்டியின் படத்தை ஒரு வாரம் தினமும் காட்டி வரலாம். தீபாவளி வெடியோசைக்குக் காதடைப்பான் வாங்கி, பண்டிகைக்கு முன்பே அணிவித்துப் பழக்கலாம். இவையெல்லாம் சிறு உபாயங்களே. எனினும், ஒரு குடும்பம் வெளியே செல்வதும் செல்லாமல் அடைந்து கிடப்பதும் பெரும்பாலும் இத்தகைய சிறு உபாயங்களையே பொறுத்திருக்கிறது.

பெற்றோரின் கையால் குழந்தைக்கு உண்மையிலேயே பயன் விளைகிறதா என்பதை ஆய்வாளரும் சோதித்துள்ளனர். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. அதில் பயிற்சி அளித்தோர் சிறப்பு மருத்துவர் அல்லர். உள்ளூரில் பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, குழந்தையின் நோக்கத்தை எங்கே கவனித்தீர்கள், எங்கே தவறவிட்டீர்கள் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். அதன்பின் பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து நடப்பதும், குழந்தை தானே முன்வந்து பெற்றோரிடம் தொடர்பு கொள்வதும் மிகுந்தன. குழந்தையின் முகக்குறிப்பைப் படிக்கும் கலையைச் சாதாரணப் பெற்றோரும் கற்க முடியும் என்பதே இதனால் நாம் பெறும் உறுதி.

வெளிமாநிலத் தமிழர்க்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது மொழி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி அல்லது மராத்தி அல்லது வங்காளி, பள்ளியில் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் மும்மொழிக்கு நடுவே வளர்கின்றனர். பேச்சு தாமதித்தவுடன், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பள்ளி மொழி ஒன்றையே பேசுங்கள்" என்ற அறிவுரை பலருக்குக் கிடைக்கின்றது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றார். ஆயின் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள், இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றே காட்டியுள்ளன.

தமிழை நிறுத்திய வீட்டில் என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தாய் தனக்குச் சரளமாக வராத மொழியில் அளந்து அளந்து பேசுகின்றாள். கொஞ்சலும் தாலாட்டும் நின்றுபோகின்றன. ஊரிலிருந்து வந்த பாட்டி, பேரனிடம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் மௌனமாக அமர்ந்திருக்கின்றாள். பேச்சைத் தேடித் தவிக்கும் குழந்தைக்கு வீட்டில் கேட்கும் பேச்சே குறைந்துவிடுகிறது. நாம் அறிந்த டில்லிக் குடும்பம் ஒன்றில் ஈராண்டு இவ்வாறு கழிந்தது. அதே நிலையைக் கடந்து வந்த மற்றொரு தாய், "உனக்கு எந்த மொழியில் சிரிக்க வருமோ அந்த மொழியில் பேசு, தங்கச்சி" என்று சொன்ன பிறகே அவ்வீட்டில் தமிழ் திரும்பியது. இந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை வீடுகள் ஊமையாகி இருக்கின்றனவோ!

வீட்டுக்கும் பள்ளிக்கும் பாலம் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. அதற்கு எளிய வழி ஒரு சிறு குறிப்பேடு. குழந்தை அன்றாடம் ஆளும் இருபது முப்பது தமிழ்ச் சொற்களை எழுதி, எதிரே பள்ளி மொழியில் பொருள் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். "தண்ணி" என்றால் என்ன, "வேணாம்" என்றால் என்ன, "மூச்சா" என்றால் என்ன என்று ஆசிரியருக்கும் உதவியாளருக்கும் தெரிந்துவிட்டால், பள்ளியில் விளையும் அழுகையில் ஒரு பகுதி அன்றே நீங்கும். பேசாத குழந்தைகள் பட அட்டைகளைச் சுட்டித் தம் விருப்பத்தைத் தெரிவிக்கப் பழகலாம். படத்துக்கு மொழி வேலி இல்லை. வீட்டில் அதைத் தண்ணி என்றும் பள்ளியில் பானி என்றும் சொன்னாலும் அட்டை ஒன்றே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் இத்தகைய மாணவர்க்கு மூன்றாம் மொழியிலிருந்து விலக்குப் பெறவும், தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தாளர் துணையும் பெறவும் இடமுண்டு.

சட்டம் தரும் உதவிகளைச் சுருங்கக் கூறுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அது தருகிறது. தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். ஆதலால் மாற்றலாகி வேறு மாநிலம் செல்வோர் அதைப் பெற்று வைத்துக்கொள்வது இன்றியமையாதது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. மத்திய அரசு ஊழியர்க்கு மேலும் இரண்டு வசதிகள் உள்ளன. இத்தகைய பிள்ளையைப் பேணும் பொறுப்புடையவர்க்குச் சுழற்சி மாற்றலிலிருந்து விலக்குக் கேட்க 2014-ஆம் ஆண்டு ஆணை வகை செய்தது. பெண் ஊழியர்க்கும் மனைவியற்ற தந்தையர்க்கும் உரிய குழந்தைப் பராமரிப்பு விடுப்பில், ஊனமுற்ற பிள்ளையைப் பொறுத்தவரை வயது வரம்பு நீக்கப்பட்டுள்ளது. இவ்விதிகள் கோப்பில் உறங்குவது பெரிதன்று. அவற்றைப் பற்றி அடுத்த மேசைக்காரருக்குத் தெரியாமல் இருப்பதே வருந்தத்தக்கது. ஒருவர் நிரப்பிய விண்ணப்பத்தின் படியை மற்றவருக்குக் காட்டுவதும் சிறந்த உதவியே.

பெற்றோர் கூட்டத்துக்கும் எல்லைகள் உண்டு. அது மருத்துவமனை ஆகாது. ஒரு குழந்தைக்குப் பயன்பட்ட முறை மற்றொரு குழந்தைக்குப் பயன்படாமலும் போகலாம். "என் மகன் பேசிவிட்டான், உன் மகன் ஏன் இன்னும் பேசவில்லை?" என்ற ஒப்பீடு நுழைந்தால் கூட்டம் கலைந்துவிடும். முழுக் குணம் தருவோம் என்று பெருந்தொகை கேட்போரிடம் விழிப்பும் வேண்டும். ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு ஊசியை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. நகையை அடகு வைத்து அவ்வூசிக்குப் புறப்படும் தம்பதியரை, அன்போடு நிறுத்தி உண்மையைச் சொல்லும் கடமை நண்பர்க்கு உண்டு. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், பயிற்சியும் நிற்காது நடக்கட்டும்.

தந்தையரைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய கூட்டங்களுக்குத் தாய்மாரே மிகுதியாக வருகின்றனர். தந்தை அலுவலகத்தில் தஞ்சம் புகுந்துவிடுகின்றார். அவர் அன்பில்லாதவர் அல்லர். துயரத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகாதவர். மற்றொரு தந்தை தோளில் கை வைத்து, "வாங்க சார், தேநீர் குடித்துவிட்டு வருவோம்" என்று அழைத்தால் அவர் நா அவிழும். உடன்பிறந்த குழந்தைகளையும் மறத்தலாகாது. அண்ணனுக்காகவே வீட்டின் நேரமெல்லாம் செலவாகும்போது தங்கை வாய்பேசாமல் ஒதுங்கிவிடுவாள். இரு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு இவர்கள் அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அத்தங்கைக்கு அன்று ஒரு மாலையேனும் தாய் தந்தையர் கிடைப்பர்.

கூட்டம் தொடங்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நான்கு குடும்பங்கள் போதும். தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறை, கோயிலை அடுத்த ஒரு கூடம், ஒருவர் வீட்டு மாடி, எதுவாயினும் சரி. மாதம் ஒரு முறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில் கூடுதல் வேண்டும். ஒழுங்கு பெற்றோர்க்கும் நல்லது, பிள்ளைகட்கும் நல்லது. அங்குக் கேட்டதை வெளியே பேசாதிருத்தல் முதல் விதி. குழந்தை கத்தினாலும் குதித்தாலும் ஒருவரும் முகம் சுளியாதிருத்தல் இரண்டாம் விதி. அழ வேண்டும் என்று வருபவரை அழ விடுவதும், உடனே அறிவுரை கூறாதிருப்பதும் மூன்றாம் விதி. வளர்ந்து ஆளான, ஆட்டிசம் உடையவர்கள் சிலரையும் அழைத்து அவர்கள் அனுபவத்தைக் கேட்டல் நலம். உள்ளிருந்து காண்பவர் அவர்களே. தமிழர் அல்லாத பெற்றோர் வந்து சேர்ந்தால் இன்னும் நல்லது. உள்ளூர்ப் பள்ளியும் மருத்துவமனையும் அவர்களுக்கு நம்மினும் நன்கு தெரியும்.

இறுதியாக, ஒவ்வொரு பெற்றோரும் இரவில் எண்ணி, பகலில் வெளியே சொல்லாத வினா ஒன்று உண்டு. "நமக்குப் பின் இவனுக்கு யார்?" என்பதே அது. பதினெட்டு வயது நிறைந்தவுடன், தேவைப்படின், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படி பாதுகாவலரை நியமித்துக்கொள்ள 1999-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. ஆனால் பாதுகாவலராக எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே! இப்பிள்ளையின் வழக்கங்களை அறிந்த, அவன் எதற்கு அஞ்சுவான், எதைக் கண்டு மகிழ்வான் என்று தெரிந்த ஒருவர் வேண்டுமே! அத்தகையவரை ஒரே நாளில் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. பத்தாண்டு, பதினைந்தாண்டு ஒன்றாகக் கூடி, ஒருவர் பிள்ளையை மற்றவர் மடியில் இருத்திப் பழகிய குடும்பங்களுக்கு நடுவேதான் அத்தகையவர் உருவாகின்றார். இன்று மாதம் ஒரு மாலையை நாம் செலவிடுவது அந்நாளுக்கான சேமிப்பே ஆகும்.

உங்கள் குடியிருப்பில் மாலை நேரத்தில் குழந்தையைத் தனியே உலவ அழைத்துச் செல்லும் ஒரு தாயைக் காண்பீர்கள். பிறர் கேட்கும் கேள்விக்கு அஞ்சி அவள் பூங்காவின் ஓரமாகவே நடந்து செல்வாள். அவளிடம் கேள்வி எதுவும் கேட்க வேண்டுவதில்லை. "எந்த ஊர் அம்மா?" என்று தமிழில் வினவி, நாலடி உடன் நடந்தால் போதும், மற்றவை தாமே தொடரும்.